வீக்கம் வடிந்த பிறகும் வலிக்கும் பெருவிரல்

மாமாவுக்கு முதல் தடவை வந்தபோது சுளுக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தாராபுரம் பக்கம் தோட்டத்தில் குடியிருப்பவர். ஒரு சீர் விருந்துக்குப் போய் வந்து படுத்தவர், விடியற்காலை மூன்று மணிக்கு வலது கால் பெருவிரல் நெருப்பில் வைத்ததுபோல எரிய, எழுந்து உட்கார்ந்துவிட்டார். விரலின் அடிமூட்டு சிவந்து, தோல் பளபளவென்று வீங்கியிருந்தது. போர்வையின் நுனி பட்டால்கூடத் தாங்கவில்லை. பொழுது விடிந்ததும் சுளுக்கு எடுப்பவரைக் கூட்டிவந்து எண்ணெய் போட்டு உருவினார்கள். அன்று அவர் பட்ட பாட்டை நினைத்து அத்தை இன்றும் வருத்தப்படுவார். நாலாம் நாள் மருந்துக் கடையில் வாங்கிய வலி மாத்திரையில் கொஞ்சம் தணிந்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் வீக்கம் வடிந்துவிட்டது.

வலி மட்டும் முழுதாகப் போகவில்லை. செருப்பு வார் உரசும் இடத்தில் ஒரு குத்தல். காலையில் முதல் அடி வைக்கும்போது ஒரு பிடிப்பு. சில இரவுகளில் இன்ன இடம் என்று சொல்ல முடியாத மந்தமான நோவு.

"வந்தது போயிருச்சில்ல மாப்ள, அப்புறம் இது என்ன மிச்சம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இந்த நோயைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். மருத்துவர்கள் கௌட் என்கிறார்கள். நம் ஊரில் 'யூரிக் ஆசிட் வலி' என்று பெயர். சிலர் வாயு என்பார்கள், சிலர் வாதம் என்பார்கள். வாயு என்று பெயர் வைத்துவிட்டால் உருளைக்கிழங்கையும் வாழைக்காயையும் தள்ளிவைத்துவிட்டு, இஞ்சியும் பூண்டும் சாப்பிட்டுக் காத்திருப்போம். இது காற்றால் வரும் நோய் இல்லை. உப்பால் வருவது. அந்த உப்பு எங்கே, எவ்வளவு நாளாகப் படிந்திருக்கிறது என்பது புரிந்தால் மிச்ச வலியும் புரியும்.

உப்பளத்தில் நடப்பதுதான்

தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி கட்டிக் கடல்நீரை விட்டவுடன் உப்பு இறங்கிவிடாது. வெயிலில் தண்ணீர் சுண்டிச் சுண்டி, இதற்கு மேல் கரைத்து வைத்திருக்க முடியாது என்ற அளவுக்கு வந்த பிறகுதான் படிகம் இறங்கத் தொடங்கும். யூரிக் அமிலத்துக்கும் அப்படி ஓர் அளவு உண்டு. உடல் சூட்டில், ஒரு டெசிலிட்டர் இரத்தத்துக்கு ஏறக்குறைய 6.8 மில்லிகிராம். அதைத் தாண்டிப் பல வருடம் ஓடினால், மூட்டுக்குள்ளும் அதைச் சுற்றியுள்ள திசுக்களிலும் ஊசி ஊசியாக யூரேட் படிகங்கள் இறங்கும்.

சூடு குறையக் குறைய அந்த அளவும் இறங்கும். 35 டிகிரியில் 6 மில்லிகிராம் அளவில் நின்றுவிடும். 30 டிகிரியில் 4.5 தான். நம் உடம்பிலேயே குளிர்ந்த மூட்டுகள் கால் விரல்களில் இருக்கின்றன. நாளெல்லாம் உடல் பாரத்தைத் தாங்கி இடிபடுவதும் பெருவிரலின் அடிமூட்டுதான். அதனால்தான் முதல் அடி பெரும்பாலும் அங்கே விழுகிறது. இரவில் கால் குளிர்கிறது, உடம்பில் நீர் குறைகிறது, வீக்கத்தை அடக்கும் இயற்கையான ஸ்டீராய்டு சுரப்பும் நள்ளிரவை ஒட்டிக் குறைவாக இருக்கிறது. மாமா மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்ததற்கு இவையெல்லாம் சேர்ந்த காரணம்.

இந்த யூரிக் அமிலம் எங்கிருந்து வருகிறது? நம் செல்கள் பழுதாகி உடையும்போது அவற்றிலுள்ள பியூரின் என்ற பொருள் சிதைந்து இதுவாகிறது. சாப்பாட்டில் உள்ள பியூரினும் இதில் சேரும். மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு உடம்பு தானே உண்டாக்குவது. சாப்பாட்டின் பங்கு மூன்றில் ஒன்றுதான். பெரும்பாலான பாலூட்டிகளிடம் யூரிக் அமிலத்தை இன்னும் எளிதாகக் கரையும் பொருளாக மாற்றும் யூரிகேஸ் என்ற நொதி இருக்கிறது. மனிதக் குரங்குகளும் நாமும் அதைப் பரிணாம வழியில் இழந்துவிட்டோம். ஆகவே வெளியேற்றும் வேலை சிறுநீரகத்தின் தலையிலும், ஓரளவு குடலின் தலையிலும் விழுகிறது. கௌட் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கோளாறு அந்த வெளியேற்றத்தில்தான் இருக்கிறது. மரபணு ஒரு காரணம். சிறுநீரகத் தளர்ச்சி, உடல் பருமன், இரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடும் நீர் மாத்திரைகள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். "வாயைக் கட்டாததால் வந்தது" என்று குடும்பம் மொத்தமும் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அது நியாயமே இல்லை.

தீ அணைந்தாலும் விறகு இருக்கிறது

படிகம் மூட்டில் இருப்பதே வலி இல்லை. பல வருடம் சும்மாவே கிடக்கும். ஏதோ ஒரு நாள் சில ஊசிகள் கழன்று மூட்டுநீரில் விழும். கால் இடிபட்டிருக்கலாம், உடம்பு வறண்டிருக்கலாம், குடித்திருக்கலாம், அறுவை சிகிச்சை நடந்திருக்கலாம், யூரிக் அமில அளவு திடீரென்று ஏறியோ இறங்கியோ இருக்கலாம். நோய் எதிர்ப்புச் செல்கள் அந்த ஊசிகளை அந்நியக் கிருமி என்று எண்ணி விழுங்கும். விழுங்கிய செல்லுக்குள் ஓர் அபாய மணி அடிக்கிறது. அந்த மணி எதுவென்று 2006-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள்: இன்டர்லூகின்-1 பீட்டா என்ற பொருள் வெளியே கொட்டி, மேலும் மேலும் செல்களை அழைக்கிறது. சில மணி நேரத்தில் மூட்டு ஒரு போர்க்களமாகிவிடும்.

24 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். மருந்தே இல்லாவிட்டாலும் ஒன்று, இரண்டு வாரத்தில் தானே அடங்கும். அடங்குவதுதான் இந்த நோயின் பெரிய ஏமாற்று. பல வைத்தியங்களுக்குப் பெயர் கிடைப்பதும் இதனால்தான்: பத்தாம் நாள் எதைச் சாப்பிட்டாலும் அதுதான் குணமாக்கியது என்று தோன்றும். ஆனால் அமைதியாக இருக்கும் மூட்டிலிருந்து ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தால் படிகங்கள் அப்படியே மிதக்கின்றன. சத்தம் ஓய்ந்த அந்த மூட்டுக்குள்ளும் மெல்லிய அழற்சி நடந்துகொண்டிருக்கிறது.

மாமாவின் மிச்ச வலிக்கு முதல் விளக்கம் இதுதான். பாதி அணைந்த தீ அது. முதல் மூன்று நாள் எண்ணெயிலும் ஒத்தடத்திலும் போய்விட்டது. பிறகு வாங்கிய வலி மாத்திரையையும் இரண்டு வேளை போட்டு, கொஞ்சம் குறைந்ததும் நிறுத்திவிட்டார். தாக்குதலுக்கான மருந்தைச் சீக்கிரம் தொடங்கி, மருத்துவர் சொன்ன நாள்வரை எடுக்காவிட்டால் வால் நீண்டுகொண்டே போகும். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தியவர்களுக்கு நாலு நாளில் திரும்ப வீங்குவதும் உண்டு.

இரண்டாவது வகை வலி, வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டவர்களுக்கு. படிகம் சேர்ந்து சேர்ந்து சுண்ணாம்புக் கட்டி போலத் திரண்டுவிடும். டோஃபஸ் என்பார்கள், உப்புக்கட்டி என்றால் நமக்குப் புரியும். முழங்கை நுனியில், காது மடலில், விரல் கணுக்களில், குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாரில் தெரியும். வெளியே தெரியாமல் மூட்டுக்குள்ளேயே இருந்து எலும்பை அரித்துக்கொண்டிருப்பதும் உண்டு. இவர்களுக்குத் தாக்குதலுக்கும் அடுத்த தாக்குதலுக்கும் நடுவில் வலியில்லாத நாளே இருக்காது. அல்ட்ராசவுண்டும், டூயல் எனர்ஜி சி.டி. என்ற ஸ்கேனும் இந்தப் படிவை அறுவையில்லாமல் காட்டிவிடும்.

மூன்றாவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. திரும்பத் திரும்ப அழற்சி வந்த மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்துபோகிறது. பிறகு யூரிக் அமிலத்தை எவ்வளவு குறைத்தாலும் அந்தத் தேய்மானம் சரியாகாது. இந்த வலியில் சிவப்பும் சூடும் இருக்காது. நடக்கும்போது பெருவிரலை ஊன்றித் தள்ளும் கணத்தில் குத்தும், உட்கார்ந்தால் குறையும், விரலை மேலே மடக்க முடியாமல் இறுகியிருக்கும். இதற்கு வேண்டியது செருப்பு மாற்றம். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் போகும் மெல்லிய ரப்பர் செருப்பு இந்தக் காலுக்கு எதிரி. முன்பக்கம் அகலமான, அடிப்பாகம் எளிதில் வளையாத, முன்னுனி சற்று மேல்நோக்கி வளைந்த செருப்பு அல்லது ஷூ அந்த மூட்டின் வேலையைத் தானே செய்துவிடும். பிசியோதெரபி தெரிந்தவர் சொல்லித்தரும் விரல் பயிற்சியும் உதவும். வலிக்குப் பயந்து காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்ததில் குதிகாலும் முழங்காலும் இடுப்பும் பிடித்துக்கொள்வது தனிக் கதை. அதுவும் 'கௌட் வலி' கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

அந்த முதல் நாள்

அடுத்த தாக்குதல் வந்தால் என்ன செய்வது? முதலில் கையை எடுங்கள். உருவுவதும் நீவுவதும் கூடாது. தவிடு வறுத்துக் கட்டும் ஒத்தடமும் வேண்டாம். ஏற்கெனவே கொதிக்கும் மூட்டு அது. துணியில் சுற்றிய பனிக்கட்டியை 20 நிமிடம் வைத்து எடுத்து, சில மணி நேரம் விட்டுத் திரும்ப வையுங்கள். காலை உயர்த்தி வையுங்கள். போர்வை படாமலிருக்க, படுக்கையில் காலுக்கு மேல் ஒரு முக்காலியை வைத்து அதன் மீது போர்த்திக்கொள்ளலாம். சிறுநீரகமோ இதயமோ காரணமாக நீர் அளவு கட்டுப்படுத்தப்படாதவர்கள் தாராளமாகத் தண்ணீர் குடிக்கலாம்.

மருந்தில் மூன்று வழிகள் உண்டு. நாப்ராக்ஸன், இண்டோமெதாசின், எடோரிகாக்ஸிப் போன்ற அழற்சி அடக்கிகள். கால்சிசின். ப்ரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு, மாத்திரையாகவோ மூட்டுக்குள் ஊசியாகவோ. மூன்றும் நன்றாக வேலை செய்யும். எது யாருக்கு என்பதில்தான் மருத்துவர் தேவை. சிறுநீரகம் தளர்ந்தவர், வயிற்றுப்புண் உள்ளவர், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் முதல் வகையைத் தொடக் கூடாது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். மருந்துக் கடையில் பெயர் சொல்லாமல் பொட்டலமாகக் கட்டித் தரும் 'ஒரு செட்' மாத்திரையில் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். சர்க்கரையும் கொதிப்பும் உள்ள 60 வயதுக்காரர் அதை மாதக்கணக்கில் தின்று சிறுநீரகத்தை இழப்பதைவிட வேதனையான ஒன்றை என்னால் நினைக்க முடியவில்லை.

கால்சிசின் பற்றி மாமாவிடம் சொன்னபோது அவர் முகம் மாறியதை மறக்க மாட்டேன். தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்துக் காடுகளில் பந்தல் கட்டி வளர்க்கும் கண்வலிக்கிழங்கின் விதையில் இருப்பதுதான் அந்த மருந்து. செங்காந்தள், கார்த்திகைப் பூ என்றால் எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டின் மாநில மலர். பூத்த காலத்தில் விடியற்காலையில் பெண்கள் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைப்பார்கள். காய் முற்றியதும் விதையைக் காயவைத்து மருந்து உற்பத்திக்கு விற்பார்கள். மாமாவும் நாலு வருடம் போட்டவர். "நான் வெதச்சதையே நான் முழுங்கறேனா?" என்றார்.

அவருக்குத் தெரிந்த இன்னொன்றும் உண்டு: அந்தச் செடி கிழங்கு முதல் விதைவரை கொடிய நஞ்சு. ஆகவே இதைப் பச்சை மருந்தாக அரைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கிட்டே போகாதீர்கள். மாத்திரையிலும் மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி குறுகலானது. முன்பெல்லாம் வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொரு மாத்திரை என்று கொடுத்தார்கள். 2010-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு மணி நேரத்துக்குள் மொத்தம் 1.8 மில்லிகிராம் கொடுப்பதே, ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் கொடுப்பதற்குச் சமமாக வேலை செய்வதைக் காட்டியது; வயிற்றுப்போக்கும் வெகுவாகக் குறைந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கோ, டில்டியாசெம், வெரபமில் போன்ற மருந்தோ எடுப்பவர்களும் அதை மருத்துவரிடம் சொல்லாமல் கால்சிசின் போடக் கூடாது.

உண்மையான வைத்தியம் வலி நின்ற பிறகுதான்

இதுவரை சொன்னதெல்லாம் தீயை அணைக்கும் வேலை. விறகை அப்புறப்படுத்தும் மருந்து வேறு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் விடுவதால்தான் நம்மில் பலர் வருடத்துக்கு நாலு முறை நொண்டுகிறார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

அலோபியூரினால் என்ற மருந்து 1966-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1988-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். யூரிக் அமிலம் உண்டாவதையே இது குறைக்கிறது. ஃபெபுக்ஸோஸ்டாட் பிற்காலத்தில் வந்த மாற்று. உப்பளப் பாத்தியில் மறுபடி நல்ல தண்ணீரைப் பாய்ச்சுவது போலத்தான் இந்த வைத்தியம்: இரத்த அளவு 6-க்குக் கீழே போய், அங்கேயே நின்றால், இறங்கிய உப்பு மெல்ல மெல்லத் திரும்பக் கரையும். உப்புக்கட்டி உள்ளவர்களுக்கு 5-க்குக் கீழே என்று இலக்கு வைப்பார்கள், சீக்கிரம் கரைவதற்காக.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். பல பரிசோதனைக் கூட அறிக்கைகளில் ஆண்களுக்கு 7 அல்லது 7.2 வரை 'நார்மல்' என்று அச்சிட்டிருக்கும். 6.9 வந்தவர் நிம்மதியாக அறிக்கையை மடித்து வைத்துவிடுவார். கௌட் இல்லாதவருக்கு அது சரி. கௌட் உள்ளவருக்கு அந்த எண்ணில் உப்பு கரையாது, இன்னும் இறங்கவும் கூடும். தாக்குதல் நடக்கும்போதே எடுத்த இரத்தத்தில் அளவு குறைவாகக் காட்டுவதும் சகஜம். இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கமும் இருக்கிறது: முழு உடல் பரிசோதனையில் 7.8 என்று வந்துவிட்டது, மூட்டில் ஒன்றும் இல்லை என்றால், அந்த எண்ணுக்காக மட்டும் மாத்திரை தொடங்குவது பொதுவாகத் தேவையில்லை. அளவு கூடியவர்களில் பெரும்பாலோருக்குக் கௌட் வருவதே இல்லை.

மருந்தைக் குறைந்த அளவில் தொடங்குவார்கள்: அலோபியூரினால் 100 மில்லிகிராம், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அதிலும் பாதி. இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்த்து, இலக்கைத் தொடும்வரை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். 300-ல் நின்றுவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பலருக்கு அது போதாது. தொடங்கிய முதல் சில வாரங்களில் தோலில் தடிப்போ, வாய்ப்புண்ணோ, காய்ச்சலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிதானது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது.

இப்போது மிக முக்கியமான இடம். மருந்து தொடங்கிய முதல் மூன்று, ஆறு மாதத்தில் தாக்குதல் கூடலாம். கட்டியாக இருந்த உப்பு கரையத் தொடங்கும்போது ஊசிகள் கழன்று மூட்டில் விழுகின்றன அல்லவா? நோயாளிக்கு இது தெரியாவிட்டால் என்ன நினைப்பார்? "மாத்திரை போட்டதும் வலி அதிகமாகிவிட்டது" என்று தூக்கி எறிவார். மாமாவும் அதையே செய்தார். அதைத் தடுக்கத்தான் அந்த மாதங்களில் துணைக்குக் கால்சிசின் 0.5 மில்லிகிராம் தினமும் கொடுப்பார்கள். தாக்குதல் வந்தாலும் அலோபியூரினாலை நிறுத்தக் கூடாது. தாக்குதலுக்கான மருந்தை அதனோடு சேர்த்து எடுக்க வேண்டும். நிறுத்தி, தொடங்கி, நிறுத்தி என்று போனால் அளவு ஏறி இறங்கி, ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் புதிய தாக்குதலைக் கொண்டுவரும். இது முடியாத வலியாகவே தெரியும்.

எத்தனை நாள் ஆகும்? படிவின் அளவைப் பொறுத்து ஒன்று, இரண்டு வருடம். பெரிய கட்டிகள் இருந்தால் இன்னும் கூட. அதன் பிறகும் மருந்து தொடரும், ஏனென்றால் சிறுநீரகத்தின் பழைய குணம் மாறுவதில்லை.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 517 நோயாளிகளை வைத்து இரண்டு வருடம் நடத்தி, 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பாதிப்பேரை வழக்கம்போல மருத்துவர்கள் பார்த்தார்கள். மறுபாதியைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் பார்த்தார்கள்: உட்கார வைத்து நோய் என்ன என்று விளக்கி, சந்தேகங்களைக் கேட்டு, அளவை மெல்ல ஏற்றி. மருந்துகள் எல்லாம் இரு பக்கத்துக்கும் கிடைத்தவையே. இரண்டு வருட முடிவில் செவிலியர் பார்த்தவர்களில் 95 சதவீதம் பேர் இலக்கைத் தொட்டிருந்தார்கள். மற்றவர்களில் 30 சதவீதம். விளக்கிச் சொல்வதும் வைத்தியம்தான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் வரிசையில் நின்று இரண்டு நிமிடம் மருத்துவரைப் பார்க்கும் இடத்தில் இதை எதிர்பார்க்க முடியாது என்பதால், நாமே மூன்று கேள்விகளையாவது சீட்டில் எழுதிக்கொண்டு போகலாம்: என் அளவு எவ்வளவு? எவ்வளவுக்குக் கொண்டுவர வேண்டும்? திரும்ப எப்போது இரத்தம் பார்க்க வேண்டும்?

பருப்பையும் கீரையையும் விட்டுவிடுங்கள், பாவம்

கௌட் என்றவுடன் வீட்டில் முதலில் நிற்பது சாம்பார். பிறகு கீரை, பட்டாணி, காளான், காலிஃப்ளவர், தக்காளி. இறுதியில் ரசமும் சோறும் மட்டும் மிஞ்சும். இதற்குத் தேவையே இல்லை. அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2004-ல் வெளியானது. இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கௌட் அதிகம் வந்தது. பியூரின் மிகுந்த காய்கறிகள், பயறு வகைகள் சாப்பிட்டவர்களுக்கு அப்படி வரவில்லை. பால் பொருட்கள், குறிப்பாகக் கொழுப்பு குறைந்தவை, அபாயத்தைக் குறைத்தன. நம் மோர் அந்தக் கணக்கில் வரும்.

குறைக்க வேண்டியவை என்று எடுத்தால் ஈரல், மூளை, குடல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகள், ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, அவற்றின் சாறு இறங்கிய சூப், நெத்திலி, மத்தி, இறால், நண்டு. மது எந்த உருவத்தில் வந்தாலும் கெடுதல். அதிலும் பீர் தன் பங்குக்குப் பியூரினையும் கொண்டுவருகிறது. பலர் கவனிக்காதது பாட்டில் குளிர்பானம். அதன் இனிப்பிலுள்ள ஃப்ரக்டோஸ் உடம்புக்குள் யூரிக் அமிலம் உண்டாவதைக் கூட்டுகிறது. எடையைக் குறைக்கலாம், ஆனால் மெதுவாக. பட்டினி கிடந்து குறைத்தால் அதுவே தாக்குதலை வரவழைக்கும்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தாலும் அளவு ஏறக்குறைய 1 மில்லிகிராம் இறங்கினால் பெரிது. 9-ல் இருப்பவர் பத்தியத்தால் மட்டும் 6-க்கு வர முடியாது. அதற்காக அவரைத் தோற்றவர் என்று சொல்லாதீர்கள்.

சாப்பிடும் மற்ற மருந்துகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கொதிப்புக்கான நீர் மாத்திரைகள் யூரிக் அமிலத்தை ஏற்றும். லோசார்டன் சற்றுக் குறைக்கும், மாற்றிக் கொடுக்க முடியுமா என்று கேட்கலாம். காசநோய்க்கான பைராசினமைடு நன்றாகவே ஏற்றும். ஆனால் இவற்றில் எதையும், குறிப்பாகக் காசநோய் மருந்தையும் இதயத்துக்கான ஆஸ்பிரினையும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கௌட் இல்லாமலும் இருக்கலாம்

மூட்டு வீங்கியிருக்கிறது, காய்ச்சலும் நடுக்கமும் இருக்கிறது என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் சீழ் பிடித்தாலும் இதே சிவப்பு, இதே வலி. கௌட் உள்ள மூட்டிலேயே கிருமியும் சேர்வது உண்டு. சர்க்கரை நோயாளியின் சிவந்த காலைக் கௌட் என்று வீட்டிலேயே வைத்திருப்பது ஆபத்து. முதியவர்களின் முழங்காலில் வேறொரு கால்சியப் படிகம் இதே வேலையைச் செய்யும். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும், 30 வயதுக்குள் உள்ளவர்களுக்கும் கௌட் வருவது அரிது. வந்தால் சிறுநீரகத்தையும் குடும்ப வழியையும் ஆராய வேண்டும். மூட்டுநீரை ஊசியால் எடுத்துத் தனி வகை நுண்ணோக்கியில் படிகத்தை நேரில் பார்ப்பதுதான் உறுதியான பரிசோதனை, 1961-லிருந்து இருக்கிறது. வலி மாதக்கணக்கில் ஓயவில்லை, அளவும் 6-க்குக் கீழேதான் இருக்கிறது என்றால், அதே மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகாமல் மூட்டு-வாத நோய் நிபுணர் ஒருவரிடம் காட்டி, இது உண்மையில் எந்த வலி என்று முதலிலிருந்து கேட்பதே சரி.

மாமா இரண்டாம் முறை மருந்து தொடங்கியபோது கால்சிசினும் சேர்த்துக் கொடுத்தார்கள். எட்டாம் மாதம் ஒரு சிறிய தாக்குதல் வந்தது, மாத்திரையை நிறுத்தவில்லை. போன தடவை பார்த்தபோது அளவு 5.3. விதை விற்ற ரசீதுகள் இருக்கும் அதே தகரப் பெட்டியில் இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். இரவு நோவு நின்றுவிட்டது. காலையில் முதல் பத்து அடிக்கு ஒரு பிடிப்பு மட்டும் இருக்கிறது. அது தேய்மானம், இருக்கத்தான் செய்யும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வீட்டு வாசலில் அகல முகப்புச் செருப்பு ஒன்று கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு வரப்பில் எனக்கு முன்னால் நடந்தார். பந்தலில் செங்காந்தள் பூத்திருந்தது. கடைசிப் பாத்தியின் மூலையில், வலது பெருவிரலை ஊன்றித்தான் திரும்பினார்.